பூட்டிக் கிடந்த வீட்டில் கிணற்றுத் தண்ணீரைச் சோதிப்பது எப்படி?

செட்டிநாட்டில் பல வீடுகள் கல்யாணத்துக்கும் படைப்புக்கும் (முன்னோரைக் கும்பிடும் குடும்பப் பூசை)தான் திறக்கின்றன. போன தை மாதம் நாங்களும் அப்படித்தான் திறந்தோம். இரண்டாம் கட்டில் (முற்றத்தைத் தாண்டிய பின்பகுதி) சாமான் அறைத் தரை ஈரமாகக் கிடந்தது. சுவரில் முழங்கால் உயரத்துக்கு வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. அப்பத்தா கேட்டார்கள்: "இந்த ஈரம் எங்கேருந்துப்பா வருது? கிணத்துத் தண்ணிய நம்பிக் குடிக்கலாமா?"

இரண்டும் தனித்தனிக் கேள்விகள். தனித்தனியாகவே பார்ப்போம்.

படி 1: ஈரம் எங்கிருந்து?

ஒன்றரை அடிச் சதுரத்தில் பாலித்தீன் தாளை வெட்டித் தரையில் விரித்து, நாலு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டுங்கள். ஒரு நாள் விட்டுப் பிரித்துப் பாருங்கள். தாளுக்கு அடியில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால், ஈரம் மண்ணிலிருந்து ஏறுகிறது. மேல்பக்கம் மட்டும் நனைந்திருந்தால் அது காற்றின் ஈரம். ஜன்னலைத் திறந்து வைத்தாலே போதும். எங்கள் ஆத்தங்குடிக் கல் தரையில் அடியில்தான் கோத்திருந்தது. (உப்புப் பூத்த சுண்ணாம்புச் சுவர் மேல் சிமென்ட் பூசிவிடாதீர்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும்.) ஆனால் உப்புப் பூத்ததை மட்டும் வைத்துத் தண்ணீர் கெட்டுவிட்டது என்று சொல்ல முடியாது.

படி 2: கொல்லையைச் சுற்றி வாருங்கள்

கழிவறைத் தொட்டிக்கும் கிணற்றுக்கும் 50 அடியாவது இருப்பது நல்லது. எங்கள் வீட்டில் பிற்பாடு கட்டிய கழிவறைத் தொட்டி பன்னிரண்டு தப்படியில் இருந்தது. கிணற்றின் சுற்றுச் சுவரில் வெடிப்பு உண்டா, துவைத்த தண்ணீர் திரும்ப உள்ளே வழிகிறதா என்றும் பாருங்கள்.

படி 3: மாதிரி எடுப்பது

பெரும்பாலோர் கோட்டை விடுவது இங்கேதான். வீடு திறந்த அன்றே எடுக்காதீர்கள். மாதக்கணக்கில் தேங்கிய தண்ணீர்தான் வரும். இரண்டு மூன்று நாள் மோட்டார் ஓட்டிப் புழங்கிய பிறகு எடுங்கள். கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட்டுவிட்டும் எடுக்காதீர்கள், கிருமி இருந்தாலும் தெரியாது.

இரண்டு பாட்டில் வேண்டும். உப்பு, நைட்ரேட் பார்க்க ஒரு லிட்டர் சுத்தமான பாட்டில். அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, முழுக்க நிரப்புங்கள். கிருமி பார்க்க, ஆய்வகமே தரும் கிருமி நீக்கிய பாட்டில். இதை அலசக் கூடாது. மூடியின் உள்பக்கம் விரல் படக் கூடாது. மேல்தொட்டிக்குப் போகாமல் மோட்டாரிலிருந்து நேராக வரும் இரும்புக் குழாயாகப் பார்த்து, வாயைத் தீயில் வாட்டி, இரண்டு மூன்று நிமிடம் தண்ணீரை ஓடவிட்டுப் பிடியுங்கள். மேலே கொஞ்சம் இடம் விடுங்கள். ஐஸ் வைத்த டப்பாவில் அன்றைக்கே, மிஞ்சிப் போனால் 24 மணி நேரத்துக்குள், ஆய்வகம் போய்ச் சேர வேண்டும்.

படி 4: எங்கே கொடுப்பது?

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட ஆய்வகங்கள் உண்டு. செட்டிநாட்டு ஊர்கள் சிவகங்கை, புதுக்கோட்டை இரண்டு மாவட்டத்திலும் கிடப்பதால் உங்களுக்கு எது பக்கமோ அங்கே போங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், வார விடுமுறையில் மாதிரி அப்படியே கிடந்துவிடும்.

படி 5: ஆய்வக முடிவுத் தாளைப் படிப்பது

இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500-இன்படி, 100 மில்லி நீரில் ஈ.கோலை (மலக்கழிவு கலந்ததைக் காட்டும் கிருமி) ஒன்றுகூட இருக்கக் கூடாது. நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ஃபுளோரைடு 1-க்குள் நல்லது, வேறு வழியில்லையென்றால் 1.5 வரை. கரைந்த உப்பு 500; மாற்றுத் தண்ணீர் இல்லாத இடத்தில் 2000 வரை. நைட்ரேட் கூடுதலாக இருந்தால் காய்ச்சிக் குடிப்பதில் பயனில்லை. தண்ணீர் வற்ற வற்ற அது செறிவாகத்தான் ஆகும். கைக்குழந்தைக்குப் பால் கலக்க அந்தத் தண்ணீர் கூடவே கூடாது.

டிடிஎஸ் மீட்டரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சித்தப்பா மகன் அதை முக்கிப் பார்த்துவிட்டு, "320தான் அண்ணே, மினரல் வாட்டர் மாதிரி இருக்கு" என்றான். அந்தக் கருவி உப்பை மட்டுமே அளக்கும். அதே கிணற்று நீரில் ஈ.கோலை இருப்பதாக ஆய்வகத் தாள் வந்தது.

இப்போது கழிவறைத் தொட்டியை இடம் மாற்றக் கொத்தனாரிடம் பேசியிருக்கிறோம். அது முடிந்ததும் கிணற்றை இறைத்து, பிளீச்சிங் பவுடர் போட்டு, வாடை முழுதாகப் போன பிறகு ஒரு தடவை, கார்த்திகை மழை ஓய்ந்ததும் இன்னொரு தடவை மாதிரி எடுக்க வேண்டும். அதுவரை அப்பத்தாவுக்கும் காய்ச்சி ஆறிய தண்ணீர்தான். நைட்ரேட் நல்லவேளையாக அளவுக்குள் இருந்தது.