கிணற்றில் இறங்கும் நீரடி வண்டி: சேலத்துப் பட்டறையில் செய்யும் முறை

சேலம் பக்கத்துக் கிணறுகள் பாறையை உடைத்து இறக்கியவை. மோட்டார் கழன்று விழுந்தாலும் ஊற்றுக்கண் அடைத்துக்கொண்டாலும் ஆளை இறக்கித்தான் பார்க்கிறார்கள். அடியில் காற்று கெட்டிருந்தால் இறங்கியவர் மேலே வருவதில்லை. ஆளுக்குப் பதில் ஒரு கேமராவை இறக்கி, கரையிலிருந்தே ஓட்டிப் பார்க்கும் வண்டியைச் செய்வது எப்படி என்பதே இந்தக் குறிப்பு. இலக்கு 10 மீட்டர் ஆழம். டார்பிடோவிலும் (கப்பலைத் தாக்க நீருக்கடியில் தானே ஓடும் வெடிகுண்டு) நீர்மூழ்கியிலும் உள்ள பொறியியல்தான் இதிலும் இருக்கிறது, அளவுதான் சிறியது.

செய்கிறவர்கள் பெரும்பாலும் மோட்டாரில் தொடங்குகிறார்கள். அது தவறு. தண்ணீருக்குள் ஒரு பொருள் ஓடுவதற்கு முன் ஒழுகாமல் இருக்க வேண்டும், சாயாமல் நிற்க வேண்டும். இந்த இரண்டும் சரியானால் எந்த மோட்டாரைப் போட்டாலும் ஓடும். சரியாகாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மோட்டாரும் உதவாது.

உடம்பு

விவசாயக் குழாய்க் கடையில் கிடைக்கும் 110 மில்லிமீட்டர் (இனி மில்லி) பிவிசி குழாயில் 40 சென்டிமீட்டர் துண்டு போதும். குழாயின் மேல் அச்சிட்டிருக்கும் கிலோ கணக்கு உள்ளிருந்து வெளியே தள்ளும் அழுத்தத்துக்கானது. நமக்கு வருவதோ வெளியிலிருந்து நசுக்கும் அழுத்தம், அதை அந்த எண் சொல்லாது. 4 கிலோ குழாயை விட்டு 6 கிலோ அல்லது அதற்கு மேற்பட்ட தடிமனான குழாயை எடுங்கள். நுனியைப் பார்த்து வட்டம் நெளிந்திருந்தால் வேண்டாம். நெளிந்த குழாய் சீக்கிரம் நசுங்கும்.

இரண்டு முனையிலும் பிவிசி ஃபிளேஞ்ச், அதாவது போல்ட் போடும் விளிம்பு வளையம், ஒட்டுங்கள். ஒட்டி ஒரு நாள் முழுக்கக் காய்ந்தபின் லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் முகத்தை மட்டமாகச் சீவி, ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) உட்காரப் பள்ளம் வெட்டச் சொல்லுங்கள். 3.5 மில்லி தடிமனுள்ள நைட்ரைல் ஓ-ரிங்குக்குப் பள்ளத்தின் ஆழம் 2.6 முதல் 2.7 மில்லி. 3 மில்லிக்கு மேல் போனால் ரிங் போதிய அளவு நசுங்காமல் கசியும். 2 மில்லிக்குக் குறைந்தால் முகங்கள் ஒன்றோடொன்று சேராது, ரிங்கும் வெட்டுப்படும். பள்ளத்தைத் தேய்த்து மினுக்கும்போது வட்டத்தின் போக்கிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே ஒரு கீறல் விழுந்தால் அதுவே தண்ணீருக்கு வாய்க்கால்.

முன்முகம் 10 மில்லி அக்ரிலிக், கண்ணாடிபோல் தெரியும் பிளாஸ்டிக் தகடு. 6 மில்லி போதும் என்று கடையில் சொல்வார்கள், கேட்காதீர்கள். 10 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஒரு கிலோ கூடுதலாக அழுத்தும். அந்தக் கண்ணாடி முகத்தின் மேல் மொத்தம் 100 கிலோவுக்கு மேல் வரும், 25 கிலோ அரிசி மூட்டை நான்கை அடுக்கி வைத்ததுபோல. அக்ரிலிக்கில் துளை போடும்போது அடியில் மரக்கட்டை வைத்து மெதுவாக இறக்குங்கள். போல்ட்டைவிட 1 மில்லி பெரிய துளை, நைலான் வாஷர், எதிரெதிர் போல்ட்டாகச் சிறிது சிறிதாக முறுக்குதல். இந்த மூன்றில் ஒன்றை விட்டாலும் துளையிலிருந்து விரிசல் ஓடும். பெட்ரோல், தின்னர், ஸ்பிரிட் எதையும் வைத்து அக்ரிலிக்கைத் துடைக்காதீர்கள். பிவிசி பசையின் ஆவியே அதில் சிலந்தி வலைபோல் வெடிப்பைக் கிளப்பும். ஒரு நாள் காயவிடச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

பின்முகத்துக்கு 6 மில்லி அலுமினியத் தகடு. ஒயர்கள் எல்லாம் இதன் வழியாக உள்ளே போகும், மோட்டாரை இயக்கும் சுற்றுப்பலகையின் சூட்டையும் இதுவே வெளியே கடத்தும். இதில் கூடுதலாக ஒரு காற்றுத் துளை போட்டு, தலைக்கடியில் ஓ-ரிங் வைத்த 10 மில்லி போல்ட்டால் அடையுங்கள். அதன் தேவை ஏற்காட்டில் தெரியும், பின்னால் வருகிறது.

ஒயர் வழியே ஒழுகுவது

ஓ-ரிங் எல்லாம் சரியாக இருந்தும் உள்ளே தண்ணீர் நிற்கிறதென்றால் முதலில் ஒயரைச் சந்தேகப்படுங்கள். கேபிளின் மேலுறையில் எங்கோ ஒரு கீறல். அதற்குள் புகுந்த தண்ணீர் உறைக்கும் உள்கம்பிகளுக்கும் நடுவே குழாயில் ஓடுவதுபோல ஓடி நேராகப் பெட்டிக்குள் சொட்டும். வெளியே எவ்வளவு பசை பூசினாலும் நிற்காது.

தடுக்கும் வழி: தகட்டுக்குள் நுழையும் இடத்தில் மேலுறையை 5 சென்டிமீட்டர் உரித்து ஒயர்களைத் தனித்தனியாக விரியுங்கள். ஒவ்வொன்றின் மேலும் உப்புத்தாள் தேய்த்துச் சொரசொரப்பாக்குங்கள். அதன் நடுவே 1 சென்டிமீட்டர் இன்சுலேஷனை நீக்கி, வெறும் செம்பு இழைகளுக்குள் ஈயம் முழுவதும் ஊறும்படி சால்டர் வையுங்கள். ஒயர்கள் ஒன்றையொன்று தொடாமல் ஒரு சிறு குழாய்த் துண்டுக்குள் நிறுத்தி, மெதுவாக இறுகும் வகை அரால்டைட்டை ஊற்றி நிரப்புங்கள். ஐந்து நிமிடத்தில் இறுகும் வகை வேண்டாம், அது தண்ணீரில் ஊறினால் விட்டுவிடும். ஈயமும் அரால்டைட்டும் சேர்ந்த அந்த ஒரு சென்டிமீட்டர்தான் அணை.

மின்னணுப் பொருளை உள்ளே வைக்கும் முன் வெறும் உடம்பைச் சோதியுங்கள். உள்ளே டிஷ்யூ பேப்பரைச் சுற்றி வைத்து மூடி, 6 கிலோ கருங்கல்லைக் கட்டி, முடிச்சு போட்டு அளந்த கயிற்றில் 15 மீட்டர் இறக்கி ஓர் இரவு விடுங்கள். வண்டி போகும் ஆழத்தைவிட ஒன்றரை மடங்கு அது. காலையில் பேப்பரில் எந்தப் பக்கம் ஈரம் என்று பார்த்தாலே எங்கே ஒழுகுகிறது என்று தெரிந்துவிடும்.

மோட்டார், பேட்டரி

படகின் அடியில் சேரும் தண்ணீரை இறைக்கும் 12 வோல்ட் பில்ஜ் பம்ப் மோட்டார் மூன்று. இரண்டு பின்னால் படுக்கையாக, ஒன்று நடுவில் செங்குத்தாக. 10 மீட்டருக்குக் கீழே இதன் ஷாஃப்ட் சீலை நம்ப முடியாது, இலக்கை 10 மீட்டரில் நிறுத்தியதும் அதனால்தான். இரண்டு பின் மோட்டாருக்கும் ஒரே பக்கம் சுற்றும் விசிறியைப் போட்டால் வண்டி ஒரு தோளைச் சாய்த்தபடியே போகும். ஒன்று வலம், ஒன்று இடம் சுற்ற வேண்டும். டார்பிடோவில் ஒரே அச்சில் இரண்டு விசிறிகள் எதிரெதிராகச் சுற்றுவது இதே காரணத்துக்குத்தான். இல்லையென்றால் டார்பிடோவே உருண்டுகொண்டு போகும்.

பேட்டரியைக் கரையில் வைத்து ஒயரில் மின்சாரம் அனுப்பலாமே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 1.5 சதுர மில்லி செம்பு ஒயர் 30 மீட்டர், போக வர 60 மீட்டர். 8 ஆம்பியர் இழுத்தால் 12 வோல்ட்டில் கிட்டத்தட்ட 6 வோல்ட் ஒயரிலேயே போய்விடும். அதனால் 12.8 வோல்ட், 6 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியைப் பாதுகாப்புச் சுற்றுடன் வாங்கி உள்ளேயே வைத்து, அதன் வாயிலில் 15 ஆம்பியர் ஃப்யூஸ் போடுங்கள். கரைக்கு வருவது ஒரு நெட்வொர்க் கேபிள் மட்டும். பைக் பேட்டரியை உள்ளே வைத்து மூடவே கூடாது. அது விடும் ஹைட்ரஜன் அடைத்த பெட்டியில் சேர்ந்தால் ஒரு பொறி போதும் வெடிக்க.

மின்சார டார்பிடோக்களில் வெள்ளி-துத்தநாக பேட்டரி வைப்பதுண்டு. கொலுசு செய்யும் ஊருக்கு வெள்ளியின் விலை தெரியும். அந்த விலை கொடுத்தும் அதை வைப்பது, குறைந்த எடையில் நிறைய மின்சாரம் கிடைப்பதால்தான்.

மிதப்பு

குழாய் மட்டும் 3.8 லிட்டர் இடத்தை அடைக்கிறது, எனவே 3.8 கிலோ அளவுக்குத் தண்ணீர் அதை மேலே தள்ளும். பேட்டரி, சட்டம், மோட்டார் எல்லாம் மாட்டி வாளியிலோ தொட்டியிலோ மிதக்கவிட்டு, முழுகும் வரை எடை சேருங்கள். துருப்பிடிக்காத எஃகு ராடுத் துண்டுகள் இதற்கு நல்லது. எஃகு தண்ணீருக்குள் எட்டில் ஒரு பங்கு எடையை இழக்கும், 800 கிராம் வைத்தால் 700 கிராம்தான் இழுக்கும். கடைசியில் 20 முதல் 30 கிராம் மிதப்பு மிச்சம் இருக்கட்டும். மின்சாரம் நின்றாலும் வண்டி தானே மேலே வரும்.

எடை எல்லாம் அடியில், மிதப்பு எல்லாம் மேலே. கையால் 45 பாகை சாய்த்து விட்டால் ஆடாமல் நிமிர வேண்டும். நிமிரத் தயங்கினால் எடையை இன்னும் கீழே இறக்குங்கள். மேல் மிதவைக்குத் தெர்மோகோல் வைக்காதீர்கள். ஆழத்தில் அது நசுங்கி மிதப்பு குறையும், குறைந்ததால் வண்டி இன்னும் இறங்கும், இறங்கினால் இன்னும் நசுங்கும். இரு முனையும் அடைத்த 2 இஞ்ச் பிவிசி துண்டுகள் நசுங்காது. சட்டக் குழாய்களில் மேலும் கீழும் 6 மில்லி துளை போட்டு உள்ளே தண்ணீர் நிரம்ப விடுங்கள். உள்ளே சிக்கிய காற்று இருந்தால் ஒவ்வொரு முறையும் மிதப்பு மாறிக்கொண்டே இருக்கும்.

ஆழத்தில் நிற்க வைப்பது

ஆங்கிலேயப் பொறியாளர் ராபர்ட் வைட்ஹெட் 1866-ல் ஃபியூமே நகரில் (இன்றைய குரோஷியாவின் ரியேக்கா) தன் முதல் டார்பிடோவைச் செய்தபோது பட்ட பெரிய பாடு ஆழம்தான். நீரழுத்தத்தை மட்டும் பார்த்துச் சுக்கானைத் திருப்பினால் டார்பிடோ ஆழத்தைத் தாண்டி இறங்கும், திருத்திக்கொண்டு மேலே பாயும், மறுபடி இறங்கும். 1868-ல் அழுத்தக் கருவியோடு ஓர் ஊசலையும் இணைத்தார். மூக்கு கீழே சாய்கிறது என்பதை ஊசல் முன்கூட்டியே சொன்னதால் ஆட்டம் அடங்கியது. அந்த அமைப்பைப் பல காலம் ரகசியமாக வைத்திருந்தார்கள்.

உங்கள் வண்டியிலும் இதே ஆட்டம் வரும். எம்.எஸ்.5837 அழுத்த உணரியை விசிறி தள்ளும் தண்ணீர் பாயாத இடத்தில் பொருத்தி, ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியில் நொடிக்கு 20 முறை ஆழத்தைப் படியுங்கள். முதலில் ஆழ வித்தியாசத்துக்கு ஏற்ற விசையை மட்டும் கொடுத்து, வண்டி மேலும் கீழும் குதிக்கத் தொடங்கும் வரை ஏற்றுங்கள். பிறகு அதைப் பாதியாக்குங்கள். அடுத்து, ஆழம் மாறும் வேகத்துக்கு எதிரான விசையைச் சிறிது சிறிதாகச் சேருங்கள். வைட்ஹெட்டின் ஊசல் செய்த வேலையை இது செய்யும். 25 கிராம் மிதப்பு எப்போதும் மேலே இழுப்பதால் வண்டி குறித்த ஆழத்துக்குக் கொஞ்சம் மேலேயே நிற்கும். அதற்கு ஈடாக நிலையான ஒரு கீழ்விசையைச் சேர்த்துவிடுங்கள்.

திசைக்குக் காந்த திசைகாட்டியை நம்ப வேண்டாம். பக்கத்தில் மோட்டார், கிணற்றில் இரும்புக் குழாய். கஞ்சமலைப் பக்கம் என்றால் பாறையிலேயே மேக்னடைட் இரும்புத்தாது. காந்தம் இல்லாமலே திரும்புவதை உணரும் ஜைரோவை வையுங்கள். 1890-களில் லுட்விக் ஓப்ரியின் ஜைரோ வந்தபிறகுதான் டார்பிடோவும் நேராக ஓடியது.

விளக்கைக் கேமராவுக்கு ஒட்டி வைக்காமல் 15 முதல் 20 சென்டிமீட்டர் தள்ளி இரு பக்கமும் வையுங்கள். கலங்கிய தண்ணீரில் நேர் வெளிச்சம் போட்டால், ஏற்காடு கொண்டை ஊசி வளைவில் பனிக்குள் ஹை-பீம் போட்ட மாதிரி வெள்ளைச் சுவர்தான் தெரியும்.

தண்ணீரில் இறக்கும் நாள்

கிணற்றில் இறக்கும் முன் பம்ப் செட்டின் ஸ்டார்ட்டரை நிறுத்தி ஃப்யூஸையும் பிடுங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று ஃபேஸ் மோட்டார் கசிந்தால் தண்ணீரே மின்சாரம். இழுகயிற்றைத் தனியாகக் கட்டுங்கள், கேபிளைப் பிடித்துத் தூக்கக் கூடாது. மோட்டார்க் குழாயை வண்டி ஒரு சுற்று சுற்றிவிட்டால் வந்த வழியே திரும்ப ஓட்டித்தான் எடுக்க வேண்டும், இழுத்தால் இறுகும். மேட்டூர் அணையின் மதகுப் பக்கம் எந்தக் காரணத்துக்கும் இறக்காதீர்கள்.

ஏற்காடு ஏரியில் ஓட்ட முதலில் படகுத்துறையில் அனுமதி வாங்குங்கள். சேலத்தில் மூடிய பெட்டியை மேலே கொண்டுபோனால் அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் எட்டில் ஒரு பங்கு வரை குறைவு. உள்ளிருக்கும் காற்று முகத்தைப் பத்துக் கிலோவுக்கு மேல் வெளியே தள்ளும். போல்ட் போட்ட முகம் தாங்கும், வெறுமனே சொருகிய மூடி நழுவிவிடும். மேலே மூடிய பெட்டியைக் கீழே கொண்டுவந்தால் இதற்கு நேர்மாறு, மூடி உறிஞ்சிக்கொண்டு வராது. அப்போது ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் ஓ-ரிங் பள்ளம் கீறிப் போகும். காற்றுத் துளை போல்ட்டைத் திறந்தால் ‘உஸ்’ என்று அழுத்தம் சமமாகிவிடும். ஏரிக்கரையில் அதைத் திறந்தபின் மூடியையும் கழற்றி, ஈரத்தை உறிஞ்சும் புதுச் சிலிக்கா ஜெல் பை ஒன்றை உள்ளே போட்டு, ரிங்கில் ஒரு மயிர்கூட ஒட்டவில்லை என்று விரலால் தடவிப் பார்த்து, லேசாகச் சிலிக்கான் கிரீஸ் பூசி மூடுங்கள். சேலத்து ஈரக்காற்று உள்ளேயே இருந்தால், குளிர்ந்த தண்ணீரில் இறங்கிய பத்தாவது நிமிடம் கேமராக் கண்ணாடி உள்ளுக்குள் வேர்த்துவிடும்.