லோரா மாட்யூல் வாங்கும் முன்: அலைவரிசையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குறைந்த மின்சாரத்தில் சின்னச் சின்னச் செய்திகளை ரேடியோவில் வெகுதூரம் அனுப்பும் கருவிதான் லோரா மாட்யூல். பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் அதைக் கேட்டால், "433-ஆ, 868-ஆ, 915-ஆ?" என்று கடையில் கேட்பார்கள்; எத்தனை மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை என்பதுதான் கேள்வி. பலரும் விலை குறைவானதை வாங்கி வந்துவிடுகிறார்கள். ஆண்டெனா எந்த நாட்டில் நிற்கப்போகிறது என்பதை வைத்துத்தான் அந்த எண்ணை முடிவு செய்ய வேண்டும்.

நான் அதிகம் பார்ப்பது 915 தவறு. அல்சூரில் தெரிந்த தம்பி ஒருவர், மொட்டை மாடி டேங்க் நிரம்பினால் கீழே சம்ப் மோட்டார் தானாக நிற்கும்படி ஒரு ஜோடி மாட்யூல் வைத்திருந்தார். அவர் அக்கா அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தவை. அங்கே 902 முதல் 928 மெகாஹெர்ட்ஸ் வரை லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தலாம். இங்கே 890 முதல் 915 வரை செல்போன்கள் டவருக்குப் பேசும் இடம். எங்கோ ஒரு போனிலிருந்து வரும் மெல்லிய சிக்னலைப் பிடிக்கத்தான் டவர் காதைத் தீட்டிக்கொண்டு இருக்கிறது. அதற்கு எதிரே மொட்டை மாடியில் நம் மாட்யூல் நின்று கத்தினால், கெடுவது முகம் தெரியாத யாரோ ஒருவரின் அழைப்பு. "ஆனா நல்லாத்தானே வேலை செய்யுது, அண்ணா?" என்றார் தம்பி. செய்யும். அந்தச் சிப்புக்கு நாடு எதுவென்று தெரியாது. நாம் எழுதும் கோடில் (புரோகிராமில்) எந்த எண்ணைக் கொடுத்தாலும் அதில் அனுப்பும்.

சரி, 868 வாங்கிவிட்டால் போதுமா? அதுவும் முழு விடை இல்லை. இந்தியாவில் 2005-இல் 865 முதல் 867 வரை திறந்துவிட்டார்கள்; 2021-இல் அது 868 வரை நீண்டது. ஐரோப்பாவுக்கு எழுதிய கோடில் வழக்கமாக இருக்கும் 868.1, 868.3, 868.5 மூன்றுமே நம் எல்லைக்கு வெளியே. மாட்யூல் அதுவே இருக்கட்டும், கோடில் எண்ணை மாற்றுங்கள். லோரா கருவிகளை நெட்வொர்க்காக இணைக்கும் விதிமுறையான லோராவேனின் இந்தியச் சேனல்கள் 865.0625, 865.4025, 865.985. முதல் எண் ஏன் சரியாக 865 இல்லை? 125 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள சிக்னலில் பாதி நடு எண்ணுக்குக் கீழே போகும். 865.0625-இல் வைத்தால்தான் கீழ் விளிம்பு 865-இல் வந்து நிற்கும். விளிம்பைக் கணக்கில் எடுக்காமல் நடு எண்ணை மட்டும் பார்ப்பது அனுபவமுள்ளவர்களே செய்யும் தவறு.

433 உலகம் முழுக்கச் செல்லுபடியாகும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. இங்கே அது கட்டடத்துக்குள், 10 மில்லிவாட்டுக்குள் பயன்படுத்த மட்டுமே. கடைகளில் 100 மில்லிவாட், 1 வாட் 433 மாட்யூல்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. அதை வாங்கி மாடியில் வைத்தால் இரண்டு நிபந்தனையும் போச்சு.

அப்புறம், வைஃபையும் இருக்கும் 2.4 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்யும் இன்னொரு ரேடியோ மாட்யூலான என்ஆர்எஃப்24. "வைஃபை தொல்லை வேண்டாம், சேனல் 100-க்கு மேலே போ" என்ற யோசனை ரொம்ப காலமாகச் சுற்றுகிறது. சேனல் எண்ணோடு 2400-ஐக் கூட்டினால் கிடைப்பதே அலைவரிசை. நமக்கு அனுமதி 2483.5 வரைதான், 83-ஐத் தாண்டினாலே வெளியே வந்துவிடுகிறோம். சேனல் 92 என்பது 2492 மெகாஹெர்ட்ஸ், அதாவது ஜிபிஎஸ் போல வழிகாட்டும் இஸ்ரோவின் நாவிக் செயற்கைக்கோள்கள் சிக்னல் அனுப்பும் இடம். சேனல் 108 போனால் 2508, அதுவும் நம் எல்லைக்கு வெளியேதான். நாவிக்கின் வழிசெலுத்தல் மையம் இருக்கும் பைலாலு, பெங்களூரிலிருந்து ஒரு சின்னப் பயண தூரம்தான். இந்த ஊரில் இருந்துகொண்டு அந்த இடத்தில் குறுக்கிடுவது எனக்கு மனசு ஒப்பவில்லை.

ஊர் மாறும்போது அமைப்பையும் மாற்றுங்கள். சிங்கப்பூரில் 920 முதல் 925 வரை. ஐரோப்பாவில் எல்லைக்குள் இருந்தாலும் பல சேனல்களில் மணிக்கு 36 விநாடிக்கு மேல் அனுப்பக்கூடாது. 10 விநாடிக்கு ஒருமுறை டேங்க் அளவைச் சொல்லும் கோடை அப்படியே அங்கே கொண்டுபோனால் மாட்டிக்கொள்ள வாய்ப்புண்டு. டேங்க் நிலை மாறும்போது மட்டும் அனுப்பினால் பேட்டரியும் மிஞ்சும்.

லைசென்ஸ் வேண்டாம் என்பதால் எந்த அனுமதியும் வேண்டாம் என்று எண்ணிவிடாதீர்கள். செய்ததை நாலு பேருக்கு விற்கத் தொடங்கினால், தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவிடம் கருவிக்கான ஒப்புதல் வாங்க வேண்டும். ஏற்கெனவே ஒப்புதல் உள்ள மாட்யூலாகப் பார்த்து வாங்கினால் அந்த வேலை பாதியாகக் குறையும். அதனால் அந்தச் சான்றிதழின் நகலை விற்பவரிடம் காசு கொடுக்கும் முன்பே கேளுங்கள்.