ஆசிய நெடுஞ்சாலையில் காரெடுத்துப் புறப்படுமுன்: மதுரைக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரை விரகனூர் ரவுண்டானாவிலிருந்து திருப்புவனம், பரமக்குடி வழியாக ராமேஸ்வரம் செல்லும் சாலை, ஆக்ராவில் தொடங்கித் தனுஷ்கோடி வரை வந்து, கடலுக்கு அப்பால் தலைமன்னாரிலிருந்து இலங்கையின் மாத்தறை வரை நீளும் ஆசிய நெடுஞ்சாலை 43-இன் ஒரு பகுதியாகும். இதே தடம் ஆக்ராவில் ஆசிய நெடுஞ்சாலை 1-உடன் இணைகிறது. டோக்கியோவையும் துருக்கி-பல்கேரிய எல்லையையும் இணைக்கும் அந்தத் தடத்தின் நீளம் 20,000 கிலோமீட்டருக்கும் அதிகம். நம் ஊர்ச் சாலைக்கு இப்படியொரு தொடர்பு இருப்பது உண்மையிலேயே பெருமைக்குரியது.

ஆனால் வரைபடத்தில் கோடு இருப்பதால் வழியும் திறந்திருக்கும் என்று எண்ணுவதுதான் முதல் தவறு. ஆசிய நாடுகளை இணைக்கும் இந்தச் சாலை வலையமைப்புக்காக 2005-இல் நடைமுறைக்கு வந்த அரசுகளுக்கிடையேயான உடன்படிக்கை சாலைகளுக்கு எண்ணும் தர அளவும் வகுத்ததே தவிர, எல்லையைக் கடக்கும் உரிமையை எவருக்கும் வழங்கவில்லை. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே பாலமும் இல்லை, கார் ஏற்றும் கப்பலும் இல்லை. 2023 அக்டோபரில் தொடங்கப்பட்ட நாகப்பட்டினம்-காங்கேசன்துறை கப்பல் பயணிகளுக்கானது. 2025 ஏப்ரலில் பஹல்காம் தாக்குதலுக்குப் பின் பாகிஸ்தானுக்குச் செல்லும் அட்டாரி எல்லையை மூடுவதாக இந்தியா அறிவித்தது. பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் குடியேறிய மணிப்பூரின் எல்லை நகரான மோரே வழியாகத் தாய்லாந்து செல்லலாம் என்று திட்டமிடுவோர், 2021-க்குப் பின் மியான்மரில் நீடிக்கும் சண்டையைக் கணக்கில் கொள்ள வேண்டும். எனவே புறப்படும் வாரத்தில் எந்தெந்தச் சோதனைச்சாவடி இயங்குகிறது என்பதை உறுதிசெய்த பிறகே பாதையை முடிவு செய்யுங்கள்.

அதிகப் பணத்தை இழக்கவைப்பது கார்னெட் விஷயத்தில் காட்டும் அலட்சியமே. வண்டியை விற்காமல் திரும்பக் கொண்டுவருவோம் என்று சுங்கத்துறைக்கு உறுதியளிக்கும் இந்த ஆவணத்தை, வண்டியின் மதிப்பைப் பொறுத்த பிணைத்தொகையைப் பெற்றுக்கொண்டு வாகன ஓட்டிகள் சங்கம் வழங்குகிறது. அதன் ஒவ்வொரு பக்கமும் மூன்று பகுதிகளைக் கொண்டது: நாட்டினுள் நுழையும்போது அதிகாரி கிழித்துக்கொள்ளும் சீட்டு, வெளியேறும்போது கிழித்துக்கொள்ளும் சீட்டு, முத்திரைகளுடன் நம்மிடமே தங்கும் அடிக்கட்டை. இரவு நேர நெரிசலில் வெளியேறும் முத்திரையைப் பெறாமல் வந்துவிட்டால், வண்டி அந்த நாட்டிலேயே இருப்பதாகக் கருதி இறக்குமதி வரி கேட்கப்படலாம்; அது பிணைத்தொகையிலிருந்தே போகும். அதிகாரியின் மேசையை விட்டு நகருமுன் அடிக்கட்டையில் முத்திரையும் தேதியும் தெளிவாக விழுந்துள்ளனவா என்று பாருங்கள்.

வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பெறும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி அதிகபட்சம் ஓராண்டுக்கே செல்லும். சீனா அதை ஏற்பதில்லை; அங்கு தற்காலிக உரிமம் தனியாகப் பெற வேண்டும். மியான்மர், லாவோஸ், சீனா மூன்றிலும் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் செல்வதால், நம் வண்டியின் வலப்பக்க இருக்கையிலிருந்து முந்திச் செல்வது ஆபத்தானது. முன்னால் பார்த்துச் சொல்ல இடப்பக்கம் ஒருவர் இல்லாமல் முந்தவே கூடாது.

நேபாளத்துக்கு மட்டும் செல்வோர்கூடக் காப்பீட்டை மறந்துவிடுகிறார்கள். இந்திய வாகனக் காப்பீடு எல்லையோடு நின்றுவிடும். நேபாளம், பூட்டான், வங்கதேசம் போன்ற அண்டை நாடுகளுக்கு அதை நீட்டிக்கும் வசதி உண்டு. கூடுதல் கட்டணம் செலுத்தி, நாட்டின் பெயர் எழுதப்பட்ட ஒப்புதலை ஊரிலிருந்து கிளம்புவதற்கு முன்பே வாங்கிவிட வேண்டும்.