புது மானிட்டர் மாட்டியதும் முதலில் இதைப் பாருங்கள்

144 ஹெர்ட்ஸ் மானிட்டர், அதாவது நொடிக்கு 144 முறை படத்தைப் புதுப்பிக்கும் திரை, வாங்கி மாட்டிவிட்டு, பழையதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமே இல்லையே என்று ஒரு வாரம் குழம்பினேன், கடைசியில் பார்த்தால் விண்டோஸ் அதை 60-லேயே ஓட்டிக்கொண்டிருந்தது. செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போய் ரெஃப்ரெஷ் ரேட்டை 144-க்கு மாற்றுங்கள். மவுஸை வேகமாகச் சுழற்றிப் பாருங்கள், விட்டுவிட்டுத் தெரிந்த அம்புக்குறி இப்போது நெருக்கமாக ஓடும். 60-ல் ஒரு ஃப்ரேம், அதாவது திரையில் வரும் ஒரு படம், 16.7 மில்லிசெகண்ட் நிற்கும், 144-ல் 6.9 தான், சுடும் கேம்களில் இது கையிலேயே தெரியும். பட்டியலில் 144 வரவில்லையா? பழைய எச்டிஎம்ஐ கேபிளைக் கழற்றிவிட்டு டிஸ்ப்ளேபோர்ட் கேபிளை மாட்டிப் பாருங்கள், கேபிள் மதர்போர்டில் இல்லாமல் கிராபிக்ஸ் கார்டில்தான் இருக்கிறதா என்றும் பாருங்கள். அப்புறம், கேமுக்குள் நொடிக்கு 60 ஃப்ரேம்தான் என்று பூட்டு இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.