பாய்லரின் சர்க்யூட் போர்டை மாற்றுவதும் அமைப்பதும்

பிரிட்டனில், வீட்டைச் சூடாக்குவதோடு குழாய்க்குச் சுடுநீரும் தரும் எரிவாயு காம்பி பாய்லர் நின்றுபோனால், முதற்பழி பெரும்பாலும் சர்க்யூட் போர்டின்மீதே விழுகிறது. போர்டோ விலை கூடிய உதிரிப்பாகம். ஆகவே, பாய்லருக்கான சுவிட்சில் உள்ள 3 ஆம்பியர் ஃபியூஸ் போயிருக்கிறதா, குளிர்ந்த நிலையில் நீரழுத்தம் 1 முதல் 1.5 பார் வரை நிற்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பழைய போர்டில் நீர்க்கறை இருந்தால், மேலிருந்து எங்கே ஒழுகுகிறது என்று கண்டறிந்து அதை அடைக்காமல் புதியதை மாட்டக் கூடாது. பம்பு அல்லது மின்விசிறியில் ஷார்ட் இருந்தால் அதுவும் புதிய போர்டைக் கருக்கிவிடும்.

எரிவாயு வழியையோ எரிப்பறையின் மூடியையோ தொடும் வேலையை, 2009 ஏப்ரலில் கோர்கி என்ற பழைய பதிவேட்டின் இடத்துக்கு வந்த, எரிவாயு வேலைக்குத் தகுதி பெற்றவர்களின் கேஸ் சேஃப் பதிவேட்டில் உள்ளவரிடமே விட வேண்டும். பல மாடல்களில் போர்டை அடைவதற்கே அந்த மூடியைக் கழற்ற வேண்டியிருக்கும் என்பதால், இந்த வேலை முழுவதையும் அவரே செய்வதுதான் முறை. வீட்டுக்காரர் இதைப் படிப்பது, நடப்பதைப் புரிந்துகொண்டு கேள்வி கேட்பதற்காக.

மின்சாரத்தைத் துண்டித்து, ஃபியூஸையும் உருவியெடுத்து, மின்னோட்டம் இல்லை என்பதை மீட்டரால் உறுதிசெய்தபின், ஒவ்வொரு வயரும் இருக்கும் இடத்தைப் படமெடுத்துக்கொள்ள வேண்டும். கனெக்டர்களை வயரைப் பிடித்து இழுக்காமல் உடலைப் பிடித்தே கழற்ற வேண்டும். புதிய போர்டை எடுக்குமுன் எர்த் செய்யப்பட்ட உலோகத்தைத் தொட்டு நிலைமின்னை இறக்கிவிட்டு, விளிம்புகளில் மட்டும் பிடிக்க வேண்டும்.

மாட்டுவதைவிட அமைப்பதில்தான் கவனம் அதிகம் தேவை. ஒரே போர்டு பல மாடல்களுக்குப் பொருந்தும் என்பதால், தான் எந்தப் பாய்லரில் இருக்கிறோம் என்று புதியதற்குத் தெரியாது. சில தயாரிப்புகளில் மாடலைக் குறிக்கும் சிறிய குறியீட்டுச் செருகியைப் பழைய போர்டிலிருந்து எடுத்துப் புதியதில் செருக வேண்டும். சிலவற்றில் மாடல் எண்ணையும் எரிவாயு வகையையும் திரையில் பதிய வேண்டும். அறைத் தெர்மோஸ்டாட் இல்லாத வீட்டில், அதற்கான முனைகளில் இருந்த இணைப்புக் கம்பியையும் மறவாமல் புதிய போர்டுக்கு மாற்ற வேண்டும்.

அடுத்தது, அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களுக்கான உச்ச வெப்பத்திறன். குழாய்க்குச் சுடுநீர் தர 30 கிலோவாட் வேண்டியிருந்தாலும், சிறிய ஃபிளாட்டின் ரேடியேட்டர்களுக்கு 10 கிலோவாட்டே தாராளம். குறைக்காமல் விட்டால் பாய்லர் அடிக்கடி பற்றி அணைந்துகொண்டே இருக்கும். ரேடியேட்டர்களிலிருந்து திரும்பி வரும் நீர் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான், புகையில் உள்ள நீராவியை நீராக்கி அதன் வெப்பத்தையும் மீட்கும் கண்டென்சிங் பாய்லர் தன் பெயருக்கேற்ப வேலை செய்யும் என்பதால், பாய்லரிலிருந்து வெளியேறும் நீரின் வெப்பநிலையையும் தேவைக்கு மேல் வைக்கத் தேவையில்லை.

சுடர் பற்றிச் சில நொடிகளில் அணைந்தால், போர்டைத் திருப்பி அனுப்புமுன் எர்த்தையும், லைவ், நியூட்ரல் இடம் மாறியிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். சுடரை அறியும் மின்னோட்டம் மைக்ரோ ஆம்பியர் அளவே என்பதால், இவற்றில் பிழை இருந்தால் போர்டு சுடரையே காணாமல் போகலாம். எரிவாயு வால்வின் திருகைத் திருப்பிப் பார்ப்பது கூடவே கூடாது. முடிவில் புகைக்குழாய் வாயுவை அளந்து பார்த்து, பதிந்த எண்களை மூடியின் உட்புறம் ஒட்டிவைத்தால், அடுத்து வரும் மெக்கானிக் வேலையை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.