ஏற்றத்துக்கு ஒரு ஸ்டார்லெட்: மாணவர் காசில் வேகமான கார் கட்டுவது

நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கொழும்பில் இருப்பதில் ஆறில் ஐந்து பங்குதான். எஞ்சினுக்குள் போகும் காற்று குறைந்தால் பலமும் அதே அளவில் குறையும். கொழும்பில் 75 குதிரைசக்தி தருகிற எஞ்சின் இங்கே 62, 63 தந்தால் பெரிய விஷயம். இந்த இழப்பைச் சைலன்சர் மாற்றியோ ஸ்டிக்கர் ஒட்டியோ மீட்க முடியாது. பெரிய எஞ்சின் வாங்கி மீட்கலாம், ஆனால் மாணவர் கையில் அதற்குக் காசு இருக்காது. ஆகவே மலைநாட்டில் வேலை நடக்கவேண்டிய ஒழுங்கு வேறு: பிரேக், குளிரூட்டல், டயர், எடை, கியர், எல்லாவற்றுக்கும் பிறகு எஞ்சின்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய கார்களின் விலை எங்கே போனது என்று எல்லோருக்கும் தெரியும். 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கு மறுபடி கதவு திறந்தும் பழைய விலை திரும்பவில்லை. அதனால் ரூபாய்க் கணக்குச் சொல்லாமல் பங்குக் கணக்குச் சொல்கிறோம். மொத்தக் காசு 100 என்றால் காருக்கு 45க்கு மேல் போகக்கூடாது. அடிப்படை சர்வீஸுக்கு 15, பிரேக்குக்கு 12, டயருக்கு 12, ஷொக் (அதிர்வு தாங்கி), புஷ் (மூட்டு ரப்பர்) வகைக்கு 8. மிச்சம் 8 கையில் இருக்கட்டும், எப்படியும் ஏதாவது ஒன்று உடையும். 80ஐக் காருக்கே கொடுத்துவிட்டு நிற்பவர்தான் அதிகம். யானை வாங்கியவனுக்கு அங்குசம் வாங்கக் காசில்லாத கதை அது. நாலு பேர் சேர்ந்து சீட்டுப் பிடித்து வாங்குவதானால், பதிவுப் புத்தகத்தில் யார் பெயர், காப்புறுதி யார் பெயரில், விற்றால் யாருக்கு எவ்வளவு என்பதை வாங்கும் முன்பே எழுதிக் கையெழுத்து வைத்துவிடுங்கள்.

எந்தக் கார்?

டொயோட்டா ஸ்டார்லெட் ஈ.பி. 71 என்ற மொடலை வைத்தே இந்தக் குறிப்பு. 1295 சி.சி. 2ஈ எஞ்சின், 12 வால்வ், கார்பரேட்டர் (பெற்றோலைக் காற்றோடு கலக்கும் பாகம்), முன்சக்கர ஓட்டம், எடை 750 கிலோவுக்கு உட்பட்டது. அதே 2ஈ எஞ்சின் பழைய கொரொல்லாக்களிலும் வந்ததால் பாகம் தேடி அலையவேண்டியதில்லை. காசு கொஞ்சம் கூட இருந்தால் ஈ.பி. 82 பாருங்கள். அதிலுள்ள 1331 சி.சி. 4ஈ-எஃப்.ஈ. எஞ்சின் 16 வால்வ், இன்ஜெக்‌ஷன் வகை. உயரம் மாறினால் அதன் கம்ப்யூட்டரே காற்றழுத்தத்தை அளந்து பெற்றோலைத் திருத்திக்கொள்ளும். மலைநாட்டுக்காரருக்கு அது சின்ன வசதி அல்ல. நிசான் சன்னி, மார்ச், மஸ்டா 323 எதுவானாலும் கீழே சொல்வதில் முக்கால் பங்கு பொருந்தும்.

பார்க்கப் போகும்போது ஒரு காந்தம், ஒரு டோர்ச், சிலிண்டருக்குள் அழுத்தம் அளக்கும் ஒரு கம்ப்ரெஷன் கேஜ் கொண்டுபோங்கள். மலையில் வருடத்தில் பாதி நாள் ஈரம். துரு முதலில் பிடிக்கும் இடங்கள்: முன் ஷொக் மேலே போல்ட் ஆகும் தகடு, பேட்டரித் தட்டின் கீழ், கதவுக்கு அடியிலுள்ள சட்டம், ஸ்பெயார் டயர்க் குழி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மாதிரி அங்கே புட்டி பூசியிருப்பார்கள். காந்தம் ஒட்டாத இடம் புட்டி. கதவில் புட்டி இருந்தால் விலையைக் குறைத்துப் பேசலாம். ஷொக் தகட்டில் இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

கம்ப்ரெஷன் பார்க்க எஞ்சின் சூடாக இருக்கவேண்டும், நாலு பிளக்கையும் கழற்றியிருக்கவேண்டும், இக்னிஷன் கொயில் வயரைப் பிடுங்கியிருக்கவேண்டும், அக்சிலரேட்டரை முழுவதும் மிதித்திருக்கவேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கொழும்பில் 180 பி.எஸ்.ஐ. (அழுத்த அலகு) காட்டும் நல்ல எஞ்சின் நுவரெலியாவில் 145 அளவுதான் காட்டும். உள்ளே போவதே மெல்லிய காற்று. "எஞ்சின் செத்துப்போச்சு" என்று நல்ல காரை விட்டு வருவதும் நடக்கும், "மலையில அப்படித்தான்" என்று செத்த எஞ்சினை வாங்குவதும் நடக்கும். எத்தனை காட்டுகிறது என்பதை விட்டுவிட்டு, சிலிண்டர்களுக்கு இடையிலுள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். நாலு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று 15 பி.எஸ்.ஐ.க்குள் இருக்கவேண்டும். ஒன்று மட்டும் கீழே நின்றால் அதற்குள் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வ் அல்லது ஹெட் கேஸ்கட் (சிலிண்டர் ஹெட்டுக்கு அடியிலுள்ள தகடு). பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர் ஒன்றாக இறங்கியிருந்தால் பெரும்பாலும் அவை இரண்டுக்கும் நடுவில் கேஸ்கட் போயிருக்கும்.

எஞ்சின் இலக்கமும் செசி இலக்கமும் பதிவுப் புத்தகத்தோடு பொருந்துகிறதா என்று பார்க்காமல் முற்பணம் கொடுக்கவேண்டாம்.

முதல் மாதம்

வாங்கியவுடன் டைமிங் பெல்ட், வோட்டர் பம்ப், எஞ்சின் ஒயில், ஃபில்டர், பிளக், பிளக் வயர், கியர் ஒயில். "பெல்ட் போன வருஷம்தான் மாத்தினது" என்பார்கள், பில் இல்லாவிட்டால் மாற்றுங்கள். வோட்டர் பம்பை அதே நேரத்தில் போடுவது ஏனென்றால், பம்ப் கசிந்தால் பெல்ட்டை மறுபடி கழற்றவேண்டிவரும், கூலி இரண்டு தடவை.

கருவிகளில் 8 முதல் 21 வரை சொக்கட் செட் ஒன்றும் இறுக்கும் அளவைக் காட்டும் டோர்க் ரென்ச் ஒன்றும் நல்லதாக வாங்குங்கள், மற்றது இரவல் வாங்கலாம். ஜெக்கை மட்டும் நம்பி காருக்குக் கீழே போகாதீர்கள். தோட்டத்து வீட்டு முற்றம் சமமாக இருப்பது அபூர்வம், ஈரமண்ணில் ஜெக் சாயும். தடித்த பலகை போட்டு அதன்மேல் எக்ஸல் ஸ்டாண்ட் இரண்டு, தரையில் இருக்கும் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல்.

குளிரூட்டலில் பழைய பாஸ்மார் (மெக்கானிக்மார்) சிலர் "தேர்மோஸ்டட்டைக் கழட்டி எறி, எஞ்சின் சூடாகாது" என்பார்கள். எஞ்சின் சூடாகும் வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கும் வால்வ் அது. கேட்காதீர்கள். மலைக் குளிரில் தேர்மோஸ்டட் இல்லாத எஞ்சின் சூடு பிடிக்காமல் பெற்றோலைக் குடிக்கும், ஒயிலில் தண்ணீர் சேரும், சிலிண்டர் சீக்கிரம் தேயும். 82 டிகிரி தேர்மோஸ்டட் புதிதாகப் போடுங்கள். அதைவிட முக்கியம் ரேடியேட்டர் மூடி. நுவரெலியாவில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதிக்கும். 0.9 பார் மூடி சரியாகப் பிடித்தால் அதே தண்ணீர் 115 டிகிரி அளவு வரை கொதிக்காது. ரப்பர் வெடித்த மூடியோடு றம்பொடை ஏற்றத்தில் போனால் ஹெட் வளையும், லேத்துக்குக் கொடுக்கிற காசில் பத்துப் பதினைந்து மூடி வாங்கலாம்.

பிரேக்

ஏறுவதற்கு எஞ்சின் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கினிகத்தேனை இறக்கத்தில் வரும்போது வேலை செய்யவேண்டியது பிரேக் மட்டும். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். டொட் 4 தர ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறியபின் அது 155க்கு இறங்கிவிடும். கொதித்தால் குழாய்க்குள் ஆவி, ஆவி அமுங்கும், மிதி தரைக்குப் போகும். மலைநாட்டில் வருடத்துக்கொரு தடவை மாற்றவேண்டும். ஒரு லீட்டர் புதுப் போத்தல் போதும். கராஜில் போன மாதம் திறந்து வைத்த மிச்சப் போத்தல் வேண்டாம், இலவசமாகக் கொடுத்தாலும்.

பிரேக் குழாயிலிருந்து காற்றெடுக்கும் ஒழுங்கு, வலப்பக்க ஸ்டியரிங் காரில்: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. ஒருவர் மிதியை மெதுவாக அழுத்திப் பிடிக்க, மற்றவர் சக்கரத்தடியில் காற்றெடுக்கும் நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்து, மூடியபின்தான் மிதியை விடவேண்டும். தாங்கியில் ஒயில் பாதிக்குக் கீழே இறங்க விடாதீர்கள், இறங்கினால் மறுபடி முதலிலிருந்து.

முன் டிஸ்க்கின் ஆகக்குறைந்த தடிப்பு டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும், அதற்குக் கீழே போனதை லேத்தில் கடைந்து போடாதீர்கள். ரப்பர் ஹோஸ்களை மடித்துப் பாருங்கள், வெடிப்பு தெரிந்தால் மாற்றவேண்டும். புது பேட் போட்டபின் 60 கிலோமீற்றர் வேகத்திலிருந்து 20 வரை பத்துத் தடவை நடுத்தரமாகப் பிடித்து விடுங்கள், நடுவில் அரை நிமிடம் ஓடவிட்டு ஆறவைத்து. சூடான பிரேக்கை மிதித்தபடியே நிறுத்திவைத்தால் பேட்டின் அச்சு டிஸ்க்கில் படிந்து ஸ்டியரிங் ஆடத் தொடங்கும்.

டயரும் ஷொக்கும்

பெரிய வீல் அழகு, ஆனால் 1300 சி.சி. எஞ்சின் அதைச் சுழற்றவேண்டுமே. 165/70 ஆர் 13 டயரின் முழு விட்டம் 561 மில்லிமீற்றர். 175/60 ஆர் 14 போட்டால் 566, கியர் கணக்குக் கெடாது. 15க்குப் போகவேண்டாம். சக்கர நட்டை 103 நியூட்டன் மீற்றருக்கு இறுக்கி, 50 கிலோமீற்றர் ஓடியபின் மறுபடி பாருங்கள். பழைய ஜப்பான் டயர் வாங்கினால் பக்கச்சுவரில் முட்டை வடிவத்துக்குள் உள்ள நாலு இலக்கத்தைப் படியுங்கள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். ஆறு வருடம் கடந்தது பட்டன் (டயரின் மேல் வெட்டு) எவ்வளவு ஆழமாக இருந்தாலும் மழையில் சோப்புக்கட்டி.

ஸ்பிரிங் வெட்டுவது பற்றி: வேண்டாம். வெட்டிய ஸ்பிரிங் குழியில் சக்கரம் தொங்கும்போது இருப்பிடத்தை விட்டு நழுவும், தோட்டத்துக் கல் ரோட்டில் ஒயில் சம்ப் அடிபடும். உயரம் குறைக்கவே வேண்டுமென்றால் 25 மில்லிமீற்றர் குறைத்துச் செய்த ஸ்பிரிங். அந்தக் காசில் நாலு ஷொக்கும் கீழ்க்கைப் புஷ்களும் புதிதாகப் போட்டால் கார் அதைவிட நன்றாக வளைவில் நிற்கும். அலைன்மென்ட் எடுக்கும்போது முன் கேம்பர் (சக்கரத்தின் பக்கச் சாய்வு) கழித்தல் 1 முதல் 1.5 டிகிரி, டோ (முன்சக்கரங்கள் உள்ளே வெளியே திரும்பி நிற்கும் அளவு) பூச்சியம் என்று கேளுங்கள்.

எடை, கியர்

எடை குறைப்பது இலவசம். ஒலிபெருக்கிப் பெட்டி, இரண்டாவது அம்ப்ளிஃபயர், ஊறிப்போன தரைவிரிப்பு எல்லாம் சேர்ந்து 40 கிலோ வரும். ஓட்டுநரோடு 800 கிலோ காரில் 40 கிலோ என்றால் நூற்றுக்கு 5. அதைக் கழற்றினால் 75 குதிரைசக்திக் காரில் ஏறத்தாழ 4 குதிரைசக்தி கூடினமாதிரி. ரோட்டில் ஓடும் காரில் ஆசனம், பெல்ட், ஸ்பெயார் டயர் கழற்றவேண்டாம்.

ஏற்றத்துக்குக் காசுக்கேற்ற பெரிய மாற்றம் கியர் பொக்ஸ்தான். கியர் பொக்ஸின் கடைசிப் பல்சக்கர விகிதம் 3.7லிருந்து 4.1க்கு மாறினால் ஒவ்வொரு கியரிலும் சக்கரத்துக்குப் போகும் இழுவை நூற்றுக்கு 11 கூடும். வேகமும் அந்தளவு குறையும், ஆனால் ஹட்டன் ரோட்டில் 150இல் போக எங்கே இடம்? கொழும்பில் பழைய பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் கடைக்காரர் சொல்வதை நம்பாமல் எண்ணிப் பாருங்கள். மூன்றாம் கியரில் போட்டு, சக்கரத்துக்குப் போகும் தண்டு நுழையும் ஒரு பக்கத் துவாரத்தை ஆடாமல் பிடித்து, மறுபக்கத்தைச் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றினால், எஞ்சின் பக்கமுள்ள இன்புட் ஷாஃப்ட் எத்தனை சுற்றுகிறது? உங்கள் பழைய பொக்ஸிலும் அதே மாதிரி எண்ணி ஒப்பிடுங்கள். கூடச் சுற்றுவதுதான் உங்களுக்கு வேண்டியது. பொக்ஸ் கழன்றிருக்கும்போதே கிளட்ச் பிளேட்டும் பெயரிங்கும் போட்டுவிடுங்கள்.

எஞ்சின்

கார்பரேட்டர் உயரத்தில் பெற்றோலைக் கூட ஊற்றும். நுவரெலியாவில் காற்று-பெற்றோல் கலவை ஏறத்தாழ நூற்றுக்கு 10 அளவு கொழுத்துவிடும். அடையாளம்: பிளக் கறுப்பாகப் புகை படிந்திருக்கும், புகைப் பரிசோதனையில் விழும். மெயின் ஜெட்டின் (பெற்றோலை அளந்துவிடும் துண்டின்) துவாரம் 1.05 மில்லிமீற்றர் என்றால் 1.00 போதும். ஆனால் அந்த ஜெட்டோடு பாகம் வாங்கக் கொழும்புக்கு இறங்கினால் கலவை மெலிந்து, சுமையில் டிக் டிக் என்று தட்டும், பிஸ்டன் உருகுவது அப்படித்தான். அடிக்கடி இறங்குபவர் ஹட்டன் உயரத்துக்கு, அதாவது 1.02, 1.03க்கு நிற்கட்டும், பழைய ஜெட் டாஷ்போர்ட் பெட்டிக்குள் கிடக்கட்டும். ஜெட் மாற்றும் முன் வெக்கியூம் ஹோஸ்கள், மிதவை மட்டம், அக்சிலரேட்டர் பம்ப் டயஃப்ரம் மூன்றையும் சரிசெய்யாவிட்டால் எந்த ஜெட்டும் பதில் சொல்லாது.

மலையில் எஞ்சின் அப்படித் தட்டும் அபாயம் குறைவு, பிளக் பொறி விடும் டைமிங்கை 2 டிகிரி முன்னே வைக்கலாம். 92 பெற்றோல் தாராளம். சாதாரண 2ஈக்கு 95 ஊற்றுவது காசை ஊற்றுவது.

கூம்பு ஃபில்டர் சத்தம் தரும், கூடவே ரேடியேட்டருக்குப் பின்னாலுள்ள சூடான காற்றையும் தரும். பழைய பெட்டியோடு முன் கிரிலிலிருந்து ஒரு குழாய் இழுப்பது நல்லது. சைலன்சர்க் குழாய் 1300 சி.சி.க்கு 45 மில்லிமீற்றர் போதும்.

4ஈ-எஃப்.ஈ. எஞ்சினை ஈ.பி. 71க்குள் போட ஆசை வரும். போடலாம். ஆனால் எஞ்சின் விலையோடு கம்ப்யூட்டர், வெட்டாத வயரிங், உயர் அழுத்தப் பெற்றோல் பம்ப், தாங்கிக்குத் திரும்பும் குழாய் எல்லாவற்றையும் ஒரே காரிலிருந்து எடுக்கவேண்டும். வயர் வெட்டிய எஞ்சின் மலிவாகக் கிடைக்கும், அதன் வயரைத் தேடி ஆறு மாதம் கார் தார்ப்பாயின் கீழ் நிற்கும். எஞ்சின் மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவுப் புத்தகத்தைத் திருத்தவேண்டும்.

ஒவ்வொரு வேலைக்கும் முன்னும் பின்னும் அளந்து எழுதுங்கள். உங்கள் பக்கத்தில் வளைவில்லாத ஒரு ஏற்றம், ஆளில்லாத காலை நேரம், அதே அளவு பெற்றோல், மூன்றாம் கியரில் 40லிருந்து 70 வர எத்தனை விநாடி. மூன்று தடவை எடுத்து நடுவிலுள்ளதை வையுங்கள். 70தான் ரோட்டில் சட்ட வேகம், அதற்கு மேல் அளக்கத் தேவையுமில்லை. அதற்குமேல் பார்க்க விரும்பினால் மககஸ்தோட்டையிலும் ரதெல்லையிலும் ஏற்ற ஓட்டம் (மலையேறும் கார்ப் போட்டி) நடக்கிறது, மககஸ்தோட்டை 1934இலிருந்து. தியத்தலாவையில் ஃபொக்ஸ் ஹில் இருக்கிறது, அது மண் ஓட்டம். எந்த வகுப்பில் ஓடப்போகிறீர்கள் என்பதை முடிவுசெய்து, அதன் விதியை முதலில் வாங்கிப் படியுங்கள். ரோல் கேஜ், ஹெல்மட், தீயணைப்புக் கருவி, இழுவைக் கொக்கி எல்லாவற்றுக்கும் அளவு சொல்லியிருப்பார்கள். கேஜை முதலில் வெல்ட் செய்துவிட்டு விதியைப் பிறகு படித்தால் வெட்டி எடுக்கவும் கூலி கொடுக்கவேண்டிவரும்.