கரித்துண்டைத் தேர்ந்தெடுக்கும் கை: நார்ஸ் குடியிருப்புகளின் காலக்கணிப்பில் தவிர்க்க வேண்டியவை

அகழாய்வுக்குப் புதிதாக வந்த மாணவர் ஒருவர் அடுப்புக் குழியிலிருந்து மிகப் பெரிய கரித்துண்டைப் பொறுக்கி எடுத்து, பெருமிதத்தோடு என்னிடம் நீட்டினார். பல ஆண்டுகளுக்கு முன் கிரீன்லாந்தில் நானும் அதையேதான் செய்தேன். மாதிரியை வெறுங்கையால் தொடாமை, பையில் எண் எழுதுதல் போன்றவற்றை எந்தக் கையேடும் சொல்லிவிடும் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

பெரிய துண்டின் மீதுள்ள ஆசை

கிரீன்லாந்தில் நார்ஸ் மக்கள், அதாவது வைக்கிங் கால ஸ்காண்டிநேவியர், குடியேறியது ஏறத்தாழ 985ஆம் ஆண்டில். நான் அனுப்பிய கரியில் எஞ்சியிருந்த கார்பன்-14ஐ அளந்து ஆய்வுக்கூடம் தந்த காலமோ அதற்கு ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் முற்பட்டது. அதை நம்பி, யாரும் அறியாத முற்காலக் குடியேற்றம் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாக அறிக்கையில் நான்கு பக்கம் எழுதினேன். மரவகை அறிபவர் நுண்ணோக்கியில் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "இது லார்ச்" என்றார். லார்ச் ஓர் ஊசியிலை மரம்; அது அங்கே வளர்வதன்று. சைபீரிய ஆறுகள் கடலில் சேர்த்து, பனிக்கட்டியோடு மிதந்து வந்து கரை ஒதுங்கிய கட்டை அது.

மரத்தின் ஒவ்வொரு வளையமும் தான் உருவான ஆண்டின் கார்பனையே ஏற்றுக்கொள்கிறது. ஆகவே முந்நூறு வயது மரத்தின் வைரப்பகுதி, வெட்டப்படும் நாளிலேயே முந்நூறு ஆண்டுப் பழையதாக இருக்கும். மிதந்த காலமும் கரையில் கிடந்த காலமும் அதற்கு மேல் சேரும். செலவான பணத்தைவிட, மாதிரி எடுத்த அதே குழியில் வில்லோ என்னும் புதர்ச்செடியின் மெல்லிய சுள்ளிகள் கருகிக் கிடந்ததும், அவற்றை நானே சலித்துக் கொட்டியதும்தான் இன்றும் எரிச்சலூட்டுகின்றன. சில ஆண்டுகளே வளர்ந்த சுள்ளியோ, ஒரே பருவத்தில் விளைந்த விதையோ கிடைக்கும்போது கட்டையைத் தொடாதீர்கள்.

பட்டை விளிம்பைச் செதுக்கி எறிதல்

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் உள்ள நார்ஸ் குடியிருப்பான லான்ஸ் ஓ மெடோஸ் 1960இல் கண்டறியப்பட்டது. அங்கு மரம் வெட்டப்பட்ட ஆண்டு துல்லியமாகத் தெரியவந்ததோ 2021இல்தான். உலோகக் கருவியால் வெட்டுண்ட மூன்று மரத்துண்டுகளில், 993இல் வளிமண்டலக் கார்பன்-14 திடீரென உயர்ந்ததன் தடம் பதிந்த வளையத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து பட்டை வரை ஆய்வாளர்கள் எண்ணினார்கள்: 28 வளையங்கள், ஆகவே 1021. பட்டையோரம் சிதைந்திருந்தால் அந்த எண்ணிக்கைக்கு முடிவே கிடைத்திருக்காது.

கடலுணவு உண்டவரின் எலும்பு

சீல் (கடல்நாய்) இறைச்சியில் வளர்ந்த உடல், கடல்நீரின் பழைய கார்பனால் வயது கூடித் தோன்றும்; திருத்தாமல் பயன்படுத்தாதீர்கள்.

"இன்றைக்கு முன்"

ஆய்வுக்கூடம் வயதை "இன்றைக்கு முன்" இத்தனை ஆண்டு என்று தரும்; அந்த "இன்று" 1950.